சில்வர் ஆப்பிள்ஸ் எப்படிப் பிறந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ராக் இசை பற்றிப் பேச்சு வந்தால் நான் எப்படியாவது சில்வர் ஆப்பிள்ஸ் பெயரை உள்ளே இழுத்துவிடுவேன். உடனே கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தத்தையும் இங்கே வைக்கிறேன். இந்த இருவர் குழு எங்கிருந்து, எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். பிற்காலத்துக் கதை தேவைப்படும் அளவுக்கு மட்டும்.

யார் இந்த சில்வர் ஆப்பிள்ஸ்?

1967-இல் நியூயார்க்கில் உருவான இரண்டு பேர். ஒருவர் சிமியன் காக்ஸ்; பாடுவார், ஆசிலேட்டர் என்ற மின்கருவிகளை வாசிப்பார். இன்னொருவர் டேனி டெய்லர், டிரம்மர். கிட்டார் கிடையாது, பேஸ் கிட்டார் கிடையாது, கீபோர்டு கிடையாது. ராக் குழு என்றாலே கிட்டார்தான் என்று இருந்த காலத்தில், கிட்டார் இல்லாமல் ஒரு ராக் குழு. 1968-இல் ஒரு எல்.பி. (முழுநீள இசைத்தட்டு), 1969-இல் இன்னொன்று. அதோடு முதல் ஆட்டம் முடிந்துவிட்டது.

சிமியன் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவரா?

இல்லை. அவர் ஓவியர். 1938-இல் டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் பிறந்து, நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்து, ஓவியம் வரைந்து பிழைக்கலாம் என்று நியூயார்க் வந்தவர். சாலிடரிங் அயர்னைப் பிடிக்கத் தேவைப்பட்டபோது கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். இசையிலும் முறையான பயிற்சி கிடையாது. கீபோர்டு வாசிக்கத் தெரியாது. இந்த 'தெரியாது'களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவின் ஒலி பாதிக்கு மேல் இவற்றிலிருந்துதான் வந்தது.

அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஓவர்லேண்ட் ஸ்டேஜ் எலெக்ட்ரிக் பேண்ட் என்று ஒரு குழு. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்; அந்தக் காலத்தில் தெருவுக்கு நான்கு இருந்த மாதிரியான சாதாரண ராக் குழுதான். கிட்டாரிஸ்டுகள், டிரம்மர், முன்னால் நின்று பாட சிமியன். கிரீன்விச் வில்லேஜில் மக்டூகல் தெருவில் இருக்கும் 'கஃபே வா?' என்ற அடித்தளக் கூடத்தில் வாடிக்கையாக வாசித்தார்கள். (பெயரிலேயே கேள்விக்குறி உண்டு, நான் போட்டதல்ல.) 1961-இல் நியூயார்க் வந்து இறங்கிய பாப் டிலன் முதலில் பாடிய இடம் அது. 1966-இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், பெயர் தெரியாத ஆளாக, அதே மேடையில் வாசித்திருக்கிறார். இந்தக் கூட்டத்தில் நம்ம ஆட்களின் குழு தனியாகத் தெரிய எந்தக் காரணமும் இல்லை. ஊரில் எல்லோரும் வாசிக்கும் பாட்டையே இவர்களும் வாசித்தார்கள்.

ஆசிலேட்டர் என்கிறீர்களே, அது என்ன?

என்ஜினீயரிங் அல்லது பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். லேபில் ஃபங்ஷன் ஜெனரேட்டர் என்று ஒரு பெட்டி இருக்குமே, அலையைத் திரையில் காட்டும் சி.ஆர்.ஓ. பக்கத்தில்? அதன் தாத்தா. ஒரு பெரிய டயல், அதைத் திருப்பினால் அதிர்வெண் மாறும். ஒரு ஒயரில் சைன் அலை, அதாவது சீராக ஏறி இறங்கும் மின் அலை, வெளியே வரும். ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றைச் சோதித்துப் பார்க்க உதவும் கருவி. இசைக்காகச் செய்யப்பட்டது இல்லை.

நான் படித்த கல்லூரியில் இதைத் திரையில் பார்த்து, கிராஃப் தாளில் வரைந்து, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு சரி. ஒருநாள் கூடப் படித்தவன் ஒருவன் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அதன் வெளியீட்டில் மாட்டினான். டயலை நூறிலிருந்து மெல்லத் திருப்பத் திருப்ப, முதலில் தரை உறுமுவதுபோல, பிறகு சங்கு ஊதுவதுபோல, கடைசியில் கொசு காதுக்குள் புகுந்ததுபோல ஒலி ஏறியது. லேப் அட்டெண்டர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார். இரண்டு செமஸ்டராக நாங்கள் வரைந்துகொண்டிருந்த அலைக்கு ஒரு குரல் உண்டு என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சிமியனுக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான். அவருடைய பிளக்கை யாரும் பிடுங்கவில்லை.

இன்னொரு தகவல், ருசிக்காக. ஹியூலட்-பேக்கர்ட் கம்பெனி தொடக்க காலத்தில் விற்ற பொருளே ஆடியோ ஆசிலேட்டர்தான். 'ஃபேன்டேசியா' படத்துக்கான ஒலி அமைப்பைச் சோதிக்க வால்ட் டிஸ்னி ஸ்டூடியோ எட்டு வாங்கியது.

சரி, லேப் பெட்டி ராக் மேடைக்கு எப்படி வந்தது?

சிமியனுக்கு ஒரு நண்பர், மேற்கத்திய சாஸ்திரிய இசை எழுதுகிறவர். அவர் வீட்டில் 1940-களைச் சேர்ந்த ஒரு ஆசிலேட்டர் இருந்தது. அதை ஹை-ஃபையில் மாட்டி, சாஸ்திரிய இசைத்தட்டை ஓடவிட்டு, டயலைத் திருப்பித் திருப்பி அதோடு சேர்ந்து வாசிப்பது அவருடைய பொழுதுபோக்கு. சிமியன் அந்தப் பெட்டியோடு ராக் இசைத்தட்டு ஒன்றைச் சேர்த்து வாசித்துப் பார்த்தார். விட மனம் வரவில்லை. ஓவர்லேண்ட் குழு வாசிக்கும் மேடைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மற்றவர்கள் என்ன சொன்னார்கள்?

சொல்லவில்லை, கிளம்பிவிட்டார்கள். கிட்டாரிஸ்டுகளுக்கு இது ஒத்துவரவில்லை. கிட்டார் சோலோ வர வேண்டிய இடத்தில் 'ஊஊஊய்ங்' என்று ஒரு சத்தம் ஏறி இறங்கினால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். கடைசியில் மிஞ்சியவர் டிரம்மர் டேனி டெய்லர் மட்டும்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் குழுவின் பிறப்பே இதுதான். 'வாருங்கள், புதுமையான இருவர் குழு தொடங்குவோம்' என்று யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. ஆட்கள் கழன்றுகொண்டே வந்தார்கள். கழிக்க முடியாமல் நின்ற மீதிதான் சில்வர் ஆப்பிள்ஸ். கிட்டார் போனதால் மெட்டுக்கு ஒரு வழி தேட வேண்டியிருந்தது. பேஸ் கிட்டார் போனதால் அடியில் ஒலிக்க ஒன்று தேவைப்பட்டது. இரண்டுக்கும் பதிலாக சிமியன் செய்தது ஒன்றே: இன்னொரு ஆசிலேட்டர் வாங்கினார். பிறகு இன்னொன்று.

பெயர் எங்கிருந்து வந்தது?

அயர்லாந்துக் கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் ஒரு கவிதையிலிருந்து. 1899-இல் வெளியான தொகுப்பில் இருக்கிறது; காணாமல்போன ஒரு பெண்ணைத் தேடி வாழ்நாள் முழுக்க அலைபவனின் பாட்டு. அதன் கடைசி இரண்டு வரிகளில் நிலவின் வெள்ளி ஆப்பிள்களும் சூரியனின் தங்க ஆப்பிள்களும் வருகின்றன.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். அதே 1967-இல் மார்ட்டன் சுபாட்னிக் என்ற இசையமைப்பாளர் புக்லா சிந்தசைசரை (இசைக்கென்றே செய்த மின்னொலிக் கருவி) வைத்து ஒரு முழு எல்.பி. செய்தார். அவரும் அதே கவிதை வரியிலிருந்துதான் தலைப்பை எடுத்தார், நிலவையும் சேர்த்து. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும். சுபாட்னிக்குடையது ராக் இல்லை, பாட்டும் இல்லை. அது வேறு உலகம். கேட்கலாம், ஆனால் தாளம் போட்டுக்கொண்டே கேட்க வேண்டும் என்றால் இந்தப் பக்கம் வாருங்கள்.

'தி சிமியன்' என்பது ஆளா, கருவியா?

இரண்டும்! ஆள் கட்டிய கருவிக்கு ஆளின் பெயரே வந்துவிட்டது. முதல் எல்.பி.யின் உறையில் அந்தக் கருவியைப் பற்றி ஒரு குறிப்பு உண்டு: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒன்பது ஆடியோ ஆசிலேட்டர்கள், கையால் இயக்கும் 86 கட்டுப்பாடுகள். மெட்டு, தாளம் இரண்டுக்குமான ஆசிலேட்டர்களைக் கைகளாலும் முழங்கைகளாலும் வாசிப்பார். பேஸ் ஆசிலேட்டர்கள் காலுக்கு. எண்ணிக்கை பிறகு கூடிக்கொண்டே போனது.

இது எப்படி வேலை செய்தது என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி, கொஞ்சம் விரிவாகச் சொல்லவிடுங்கள். ஆசிலேட்டரை ஆன் செய்துவிட்டால் அது பாட்டுக்குக் கத்திக்கொண்டே இருக்கும். மூச்சு விடாது. சுருதிப் பெட்டிக்கு அது போதும், ஆனால் மெட்டு வேண்டுமானால் ஒலி தொடங்க வேண்டும், நிற்க வேண்டும், மறுபடி தொடங்க வேண்டும். கீபோர்டு இருந்தால் கட்டை அந்த வேலையைச் செய்யும். சிமியனிடம் கீபோர்டு இல்லை, இருந்தாலும் வாசிக்கத் தெரியாது. அவர் எடுத்தது தந்தி ஆபீசில் 'கட்டுக் கடகட' என்று அடிப்பார்களே, அந்தத் தந்திச் சாவியை. அழுத்தினால் சுற்று மூடும், ஒலி வரும், விட்டால் போய்விடும். ஒரு ஆசிலேட்டருக்கு ஒரு ஸ்வரத்தை வைத்துக்கொண்டால், நான்கைந்து சாவிகளில் நான்கைந்து ஸ்வரங்கள். அதற்கு மேல் வேண்டுமானால் டயலைத் திருப்ப வேண்டும். திருப்பும்போது ஒலி ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாது, வழுக்கும். குழுவின் பாட்டுகளில் ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கும் அந்த வழுக்கல் இங்கிருந்துதான் வருகிறது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். காலுக்கு இரண்டு மூன்று பேஸ் ஸ்வரம், கைக்கு நான்கைந்து மெட்டு ஸ்வரம். இதை வைத்து கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாற்றங்கள் நிறைந்த பீட்டில்ஸ் பாட்டு போட முடியுமா? முடியாது. ஒரே இடத்தில் நின்று, அதே சில ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பத் தட்டி, அதன்மேல் பாட்டைக் கட்ட வேண்டும். பல வருடம் கழித்து டெக்னோ, டிரான்ஸ் என்ற மின்னொலி நடன இசைகளில் மக்கள் விரும்பிச் செய்த சுழற்சி இவர்களுக்கு வேறு வழியில்லாமல் வாய்த்தது.

இன்னொரு தலைவலியும் உண்டு. வால்வு வைத்த பழைய பெட்டிகள் சூடாகச் சூடாக ஸ்வரம் நகரும். மேடையில் ஒரு மணி நேரம் ஓடினால் தொடக்கத்தில் வைத்த இடத்தில் இருக்காது. பாடிக்கொண்டே, இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே, காலால் பேஸ் மிதித்துக்கொண்டே, எந்தப் பெட்டி நழுவுகிறது என்று காது கொடுத்துச் சரிசெய்யவும் வேண்டும். முழங்கை ஏன் தேவைப்பட்டது என்று இப்போது புரிகிறதா?

ஏன் இவ்வளவு கஷ்டம்? ஒரு சிந்தசைசர் வாங்கியிருக்கலாமே?

எதை வைத்து வாங்குவது? ராபர்ட் மோக் தன் சிந்தசைசரை 1964-லேயே காட்டிவிட்டார், உண்மைதான். ஆனால் அது அலமாரி அளவு இருக்கும், விலை பல ஆயிரம் டாலர். பல்கலைக்கழகங்களும் பெரிய ஸ்டூடியோக்களும் பணக்கார நட்சத்திரங்களும் வாங்கினார்கள். மேடைக்குத் தூக்கிப்போகக்கூடிய மினிமோக் 1970-இல்தான் வந்தது. கஃபேயில் வாசிக்கும் ஓவியருக்குக் கட்டுப்படியானது பழைய ராணுவ உபரிச் சாமான்கள் விற்கும் கடை. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் லேப் கருவிகள், ரேடியோ உதிரிகள் எல்லாம் மலிவாக அங்கே கிடைத்தன.

அதனால்தான் 'சிந்தசைசர் முன்னோடிகள்' என்று யாராவது இவர்களைப் பற்றி எழுதினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். அவர்கள் கையில் சிந்தசைசர் இல்லை. சோதனைக்கூடத்துக் கழிவை ஒட்டுப்போட்டுச் செய்த ஒன்று இருந்தது. இரண்டின் ஒலியும் வேறு.

டேனி டெய்லர் வெறும் டிரம்மர்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் இன்னொரு முறை ஹெட்போனில் கேட்டுவிட்டு வரவும். கோபத்தில் சொல்லவில்லை, நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். விநோதமான கருவி, அதன் கதை, படங்கள் என்று எல்லாம் சிமியன் பக்கமே இழுக்கின்றன. டெய்லர் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள் ஆகிவிடுகிறார்.

யோசித்துப் பாருங்கள். கிட்டாரிஸ்டுகள் எல்லோரும் எழுந்து போனபோது அவர் ஏன் போகவில்லை? அவருக்கும் வேறு குழு கிடைத்திருக்கும், கை அப்படி. நல்ல டிரம்மருக்கு அந்த ஊரில் பஞ்சமில்லாமல் வேலை இருந்தது. அவர் இருந்தார். இருந்தது மட்டுமில்லை, தன் டிரம் செட்டை இந்தப் பெட்டிகளுக்காகவே மாற்றியமைத்தார். டிரம்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். ஒவ்வொன்றையும் ஆசிலேட்டர்களின் ஸ்வரத்தோடு பொருந்தும்படி சுருதி சேர்த்தார். மிருதங்கத்தைத் தம்பூராவோடு சேர்க்காமல் கச்சேரி தொடங்குவது நமக்கு நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. ராக் டிரம்மர்களுக்கோ அது அப்போது பழக்கமில்லாத வேலை. டிரம் என்றால் அடி, ஸ்வரம் அடுத்தவன் பாடு. டெய்லரின் டாம்-டாம்கள் (டிரம் செட்டில் உள்ள உருளை டிரம்கள்) அதனால் தாளம் மட்டும் போடவில்லை, பாதி மெட்டையும் தூக்கிக்கொண்டன.

அவருடைய தாளத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். நேர் ராக் அடி குறைவு. டாம்-டாம்களில் உருண்டு, அதே வட்டத்தில் சுற்றி, ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஒரு சின்ன எடை மாறும். சிமியனின் பெட்டிகளால் அப்படி நுணுக்கமாக மாற முடியாது; அவை ஆன் அல்லது ஆஃப். இயந்திரம் மாதிரி ஒலிக்கும் கருவியை மனிதர் வாசித்தார், மனிதர் மாதிரி ஒலிக்கும் தாளத்தை இன்னொரு மனிதர் இயந்திரம்போலப் பிசிறில்லாமல் கொடுத்தார். டெய்லர் இல்லாவிட்டால் சிமியன் கையில் இருந்தது ஒரு வேடிக்கைப் பொருள்தான்.

இது சைகடெலிக் (மனமயக்க) ராக்கா, எலெக்ட்ரானிக்கா?

கடைக்காரர்கள் எந்த அடுக்கில் வைப்பது என்று தவித்த கேள்வி. பாட்டு வரிகள், பாடும் விதம், மயக்கமான சுழற்சி எல்லாம் 1968-ஆம் ஆண்டு சைகடெலிக்தான். கவிஞர் ஸ்டான்லி வாரன் முதல் எல்.பி.யின் பல பாட்டுகளுக்கு வரிகள் எழுதினார். ஒரு பாட்டில் நவஹோ பழங்குடியினரின் சடங்குப் பாடல் வரிகள் வருகின்றன. இன்னொன்றான 'புரோகிராம்' நடுவே ரேடியோவைத் திருப்பித் திருப்பி, காற்றில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்ததையெல்லாம் பாட்டுக்குள் இழுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் சாம்ப்ளிங் என்று பெயர் வந்த வேலை. ஆக, அடுக்கு எதுவாக இருந்தாலும் பக்கத்து அடுக்கில் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டிய குழு.

இப்படிப்பட்டவர்களுக்கு எந்தக் கம்பெனி ரெக்கார்டு போட்டது?

காப் ரெக்கார்ட்ஸ். இதில் ஒரு வேடிக்கை. காப் என்றால் அந்நாளில் அம்மா அப்பாக்கள் கேட்கும் மென்மையான இசை: பியானோ கலைஞர் ரோஜர் வில்லியம்ஸ், பாடகர் ஜாக் ஜோன்ஸ். 1964-இல் பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கிய லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹலோ, டாலி!' இவர்கள் வெளியிட்டதுதான். இந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்தது ஒன்பது ஆசிலேட்டர். குழுவின் மேனேஜர் பேரி பிரையன்ட் தயாரிப்பையும் பார்த்துக்கொண்டார். 1968 ஜூனில் வந்த முதல் எல்.பி. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 193-ஆம் இடம் வரை போனது. விற்பனை அவ்வளவுதான். ஆனால் இந்தச் சத்தம் அந்தப் பட்டியலில் ஏறியதே பெரிய விஷயம்.

முதலில் எந்தப் பாட்டைக் கேட்பது?

'ஆசிலேஷன்ஸ்'. முதல் எல்.பி.யின் முதல் பாட்டு, முதல் சிங்கிளும் (தனிப்பாட்டுத் தட்டு) அதுதான். பெயரே அதிர்வலைகள், கருவியைப் பற்றியே கருவியை வைத்துப் பாடுகிறார்கள். கீழே ஒரு பேஸ் துடிப்பு, அது காலால் மிதிப்பது என்று நினைவில் வைத்துக் கேளுங்கள். அதை ஒட்டி டெய்லரின் டாம்-டாம் உருளல். மேலே கத்தி வைத்து இழுத்ததுபோல ஒரு மெட்டொலி வந்து வந்து போகும். சிமியனின் குரல் பெரிய குரல் இல்லை, உணர்ச்சி கொட்டாது, கொஞ்சம் நடுங்கும். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. அவ்வளவு இயந்திரத்துக்கு நடுவே குரலும் முழங்கியிருந்தால் கேட்க முடியாது.

பிறகு 1969-இல் வந்த 'கான்டாக்ட்' எல்.பி.யில் 'ரூபி' கேளுங்கள். டென்னசியில் பிறந்தவர் அந்தப் பக்கத்து நாட்டுப்புறத் தந்திக்கருவியான பான்ஜோவைத் தூக்கிவிட்டார்! ஆசிலேட்டரும் பான்ஜோவும். வேலை செய்யாது என்றுதான் நினைப்போம்.

உலகத்திலேயே இவர்கள்தான் முதல் எலெக்ட்ரானிக் ராக் குழுவா?

'முதல்' என்ற பட்டத்துக்கு நான் சண்டை போடமாட்டேன். அதே நேரத்தில் கலிஃபோர்னியாவில் ஃபிஃப்டி ஃபுட் ஹோஸ், ஜோசஃப் பேர்ட் நடத்திய 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா' இரண்டும் மின்னொலியை ராக்குக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தன. லண்டனில் ஒயிட் நாய்ஸ் 1969-இல் வந்தது. வித்தியாசம் எங்கே என்றால், அவர்களில் பலருக்கு மின்னொலி ஊறுகாய், இலையின் ஓரத்தில். இவர்களுக்கு அதுதான் சோறு. டிரம்ஸ், குரல் தவிர பெரும்பாலும் வேறெதுவும் இல்லை. அதுவும் ஸ்டூடியோவில் ஒட்டி வெட்டிச் செய்ததல்ல. மேடையில், கண்முன்னால், இரண்டு பேர். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் 1970-இல்தான் தொடங்கியது. நியூயார்க்கிலேயே சூசைட் என்ற இன்னொரு இருவர் குழு உருவானதும் 1970 வாக்கில்.

இவ்வளவு நல்ல குழு ஏன் நின்றுபோனது?

ஒரு உறைப்படம். 'கான்டாக்ட்' எல்.பி.யின் முன்பக்கத்தில் இருவரும் பான் ஆம் என்ற அமெரிக்க விமான கம்பெனியின் விமானக் காக்பிட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள், கம்பெனியின் சின்னம் தெரிய. பின்பக்கம் திருப்பினால் விழுந்து நொறுங்கிய விமானத்தின் சிதைவுகளுக்கு நடுவே இருவரும், சிமியன் கையில் பான்ஜோவோடு. எந்த விமான கம்பெனிதான் சிரிக்கும்? பான் ஆம் வழக்குப் போட்டது. ரெக்கார்டு கடைகளிலிருந்து போனது. காப்பும் தளர்ந்துகொண்டிருந்தது, சில வருடங்களில் பெரிய கம்பெனியின் வயிற்றுக்குள் கரைந்துவிட்டது. மூன்றாவது எல்.பி.க்கான பதிவுகள் பாதியில் நிற்க, 1970-இல் குழு கலைந்தது.

பிறகு சேர்ந்தார்களா?

சேர்ந்தார்கள், கால் நூற்றாண்டு கழித்து. 1994-இல் ஜெர்மனியில் யாரோ இரண்டு எல்.பி.க்களையும் அனுமதியில்லாமல் சி.டி.யாகப் போட்டார்கள். திருட்டு சி.டி.தான், ஆனால் அதனால்தான் ஒரு புதிய தலைமுறை இவர்களைக் கண்டுபிடித்தது. 1996-இல் சிமியன் வேறு ஆட்களோடு பெயரை உயிர்ப்பித்தார். டெய்லர் எங்கே இருக்கிறார் என்றே அப்போது தெரியவில்லை. பிறகு கண்டுபிடித்தார்கள். பார்த்தால் அந்த மூன்றாவது எல்.பி.யின் டேப்புகள் அவர் வீட்டில் பத்திரமாக இருந்தன! சில பாட்டுகள் முழுதாக, சிலவற்றில் வெறும் டிரம்ஸ் மட்டும். வெறும் டிரம்ஸ் இருந்தவற்றின்மேல் சிமியன் புதிதாக வாசித்துச் சேர்த்தார். 1998-இல் 'தி கார்டன்' என்ற பெயரில் வெளியானது.

அதே 1998-இல் அவர்கள் வேன் விபத்துக்குள்ளாகி சிமியனின் கழுத்தெலும்பு முறிந்தது. கைகள் பழையபடி முழுதாகத் திரும்பவில்லை. டெய்லர் 2005-இல் இறந்தார். அதன்பின் சிமியன் தனியாக மேடையேறினார், டெய்லர் அடித்துப் பதிவான டிரம்ஸைக் கூடவே ஓடவிட்டு. 2016-இல் கடைசியாக ஒரு ஆல்பம். 2020 செப்டம்பரில், 82-ஆவது வயதில், அலபாமாவில் சிமியனும் போய்விட்டார்.

இன்றைக்கு யாரிடம் இவர்களின் சாயல் தெரிகிறது?

பெரிய பட்டியல் போடமாட்டேன். இங்கிலாந்தின் போர்ட்டிஸ்ஹெட் 2008-இல் வெளியிட்ட 'வீ கேரி ஆன்' பாட்டைப் போடுங்கள், உடனே 'ஆசிலேஷன்ஸ்' போடுங்கள். டாம்-டாம் உருளல், அடியில் துடிப்பு, நகராத கோர்டு. விளக்கம் எதற்கு?

வீட்டிலேயே அந்த ஒலியைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும், செலவே இல்லை. போனில் 'டோன் ஜெனரேட்டர்' என்று தேடினால் இலவச ஆப் நிறைய கிடைக்கும். இரண்டு போன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 220 ஹெர்ட்ஸ் வையுங்கள், இன்னொன்றிலும் 220. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒலிக்கவிடுங்கள். இப்போது இரண்டாவதை 223-க்கு மாற்றுங்கள். விநாடிக்கு மூன்று முறை ஒலி பெருத்துச் சிறுத்து 'வாவ் வாவ் வாவ்' என்று துடிக்கும். 221 ஆக்கினால் துடிப்பு நிதானமாகும். தாளம் யாரும் தட்டவில்லை, இரண்டு அலைகளின் வித்தியாசமே தாளம் போடுகிறது. வீட்டில் ஒரு தவிலோ கஞ்சிராவோ இருந்தால், அது இல்லாவிட்டால் ஒரு எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்துப்போட்டு, அந்தத் துடிப்போடு சேர்ந்து தட்டச் சொல்லி யாரையாவது உட்கார வையுங்கள். மூன்றாவது ஆள் எழுந்து வெளியே போனால் கவலைப்படாதீர்கள், நிறுத்த வேண்டாம்.